பூட்டிய வீட்டில் ஓர் அண்டா தண்ணீர்

நேற்று சாயங்காலம் நாங்கள் இப்போது குடியிருக்கிற தெருவுக்குக் கொசுப்புகை வண்டி வந்தது. காதைப் பிளக்கிற சத்தம், மூட்டை மூட்டையாக வெள்ளைப் புகை, டீசலும் மருந்தும் கலந்த அந்தக் குமட்டல் வாடை. என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்த ஓடினார். எதிர்வீட்டு அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தேர் பார்ப்பதுபோல் வாசலிலேயே நின்றார். வண்டி முக்குத் திரும்பியதும் என்னைப் பார்த்து, "போட்டுட்டாக. இனி இந்த மழைக்கு நமக்குப் பயமில்ல" என்றார். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி நிறைய மழைத்தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த காலம் ஒன்று எனக்கு இருந்தது.

அந்தப் புகையில் பறக்கிற கொசு கொஞ்சம் சாகும். மிச்சம், கட்டிலுக்கு அடியில் சற்று நேரம் ஒதுங்கியிருந்துவிட்டுப் புகை அடங்கியதும் வந்துவிடும். தண்ணீரில் நெளிகிற புழுவுக்கு வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இது ஆபீசில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தால் அதை யார் பார்ப்பார்கள்? புகை என்றால் தெருவே பார்க்கும். வண்டிக்கு முன்னால் நாலு பேர் நடக்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கும் அதுதான் வேண்டும். நோயை விரட்டுவது என்றால் சத்தம் கேட்க வேண்டும், கண் எரிய வேண்டும், நாறவும் வேண்டும்.

நான் விலங்கியல் படித்தவள். சிங்கம், புலி என்று ஆசை ஆசையாகப் படித்து முடித்து, கடைசியில் எனக்கு வேலை கொடுத்த ஒரே விலங்கு கொசுதான். டெங்கு மஸ்தூர் என்று பெயர். மழைக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள். கையில் ஒரு டார்ச் லைட், தண்ணீரில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து, பார்த்த வீட்டுக் கதவில் தேதி எழுத ஒரு சாக்பீஸ். வீடு வீடாகப் போய்த் தொட்டி, குடம், ஆட்டுரல் குழி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று எட்டிப் பார்த்துப் புழு இருக்கிறதா என்று தேட வேண்டும். எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற ரோட்டில் நடுவில் இறங்கி உள்ளே நடந்தால் வரும். ஊர்ப் பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்களுடையது ஆசாரி குடும்பம். அப்பா காலமான பிறகு அண்ணன்தான் உளியைப் பிடித்திருந்தான். நான் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "காலேஜுக்குப் போயிப் படிச்சது அடுத்த வீட்டுக் கக்கூஸ் தொட்டிய எட்டிப் பாக்கவா?" அண்ணன் எப்போதும் போல உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். பேசியது வசந்தா மதினிதான். அண்ணன் பெண்டாட்டி. நாச்சியாபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கைக்குழந்தை கனியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, "போயிட்டு வா தாயி. உள்ளூருல உனக்கு மாப்ள பாக்குறது இனிச் சுலுவு. எல்லா வீட்டு அடுப்படியையும் நீயே பாத்துட்டு வந்துருவ" என்றார். எங்கள் வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது என்றால் அது மதினி வந்த பிறகுதான். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது கொசுவைப் பற்றி அல்ல, மனிதர்களைப் பற்றி. "உங்க வீட்டுத் தொட்டியில புழு இருக்கு" என்று சொன்னால் போதும், வீட்டில் திருட்டுச் சாமான் இருக்கிறது என்று சொன்னதுபோல் முகம் மாறும். "எங்க வீட்டுலயா? நாங்க தினம் ரெண்டு வேளை குளிக்கிறவுக" என்று ஓர் அம்மா. கொசு உங்களையா பார்க்கிறது, உங்கள் தண்ணீரைப் பார்க்கிறது என்றால் கோபம். இந்தக் கொசு சாக்கடைக்கே போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொன்னால் அதற்கும் கோபம். பக்கத்து வீட்டுச் சாக்கடையைக் கைகாட்டிச் சண்டை போட்டுவிட்டுத் தன் வீட்டுத் தொட்டியை மூடிபோட்டு மறைப்பார்கள். புழு மூடிக்குக் கீழே சுகமாக வளரும்.

நிலவேம்புக் கஷாயம் கொடுத்த கதை இன்னும் விசேஷம். முக்குக்கடை முன்னால் பந்தல் போட்டு, பேனர் கட்டி, பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஊரே வந்து முகத்தைச் சுளித்துக் குடித்தது. குடித்த கப்பை எல்லோரும் அங்கேயே வாய்க்கால் ஓரம் வீசிவிட்டுப் போனார்கள். மறுநாள் மழை. அடுத்த வாரம் நான் டார்ச் அடித்துப் பார்த்தால் கப்புக்குக் கப்பு புழு. பேனரில் இருந்த முகங்கள் எல்லாம் மேலே இருந்து கும்பிட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் காய்ச்சல் ஆரம்பித்தது. எங்கள் தெரு என்பது ஒரு பெரிய வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிற சின்னத் தெரு. முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லை வாசல் மறு தெருவிலும் இருக்கிற, இந்தப் பக்கத்து நீள வீடுகளில் ஒன்று அது. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். முன்னோருக்குப் படைக்கிற நாளுக்கு மட்டும் பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று எங்கெங்கிருந்தோ கார்களில் வந்து இறங்குவார்கள். படைப்பு முடிந்ததும் திரும்பப் பூட்டிவிட்டுப் போவார்கள். பூட்டுவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டு நடுவில் வானம் பார்த்த வளவில், ஒரு பெரிய பித்தளை அண்டாவில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் வீடு நிறைந்திருக்க வேண்டுமாம். மற்ற வீடுகளில் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. வருசா வருசம் உப்பிப்போன கதவுகளை இழைத்துக் கொடுக்கப் போகிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான்.

வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றும். ஐப்பசி பிறந்தால் மழை வந்து நிரப்பிவிடும். தெருவில் நான் பார்க்காத தொட்டி இல்லை, கவிழ்க்காத சிரட்டை இல்லை. இருந்தும் அந்தப் பின்சுவரை ஒட்டிய வீடுகளிலேயே ஒவ்வொருவராகப் படுத்தார்கள். எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "பூட்டுன வீடும்மா. தனியார் சொத்து. நாம தொறந்து, நாளைக்கு வெள்ளிக் குத்துவெளக்கக் காணோம்னா யாரு பதில் சொல்றது?" என்றார். ஓட்டின்மேல் ஏறி, வளவுக்கு மேலே போட்டிருக்கிற கம்பிவலை வழியாக மருந்தையாவது ஊற்றிவிடலாம் என்றேன். ஓடு உடைந்தால் யார் பதில் சொல்வது என்றார். அந்த ஆபீசில் எல்லாக் கேள்வியும் யார் பதில் சொல்வது என்பதில்தான் முடியும். கடைசியில் பெரிய மனது பண்ணி எங்கள் தெருவுக்குப் புகை வண்டியை அனுப்பி வைத்தார். தெரு சந்தோஷப்பட்டது. புகை பின்சுவரில் மோதித் திரும்பி எங்கள் கண்ணுக்குள்தான் வந்தது.

அண்ணனைக் கேட்டேன், ஏறுகிறாயா என்று. "நம்ம ஏறுனா திருட ஏறுனதாத்தான் பேரு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வேறு வழியில்லாமல் அவனிடமிருந்து நம்பரை வாங்கி, சென்னையில் இருந்த மூத்த பங்காளிக்குப் போன் போட்டேன். பெரியண்ணன் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள்.

"ஆசாரி தங்கச்சியா? சொல்லுத்தா. நல்லா இருக்கீகளா எல்லாரும்?"

"தெருவே காய்ச்சல்ல கெடக்குங்கய்யா. வளவுல இருக்க அண்டாத் தண்ணியிலதான் கொசு பெருகுது. ஒருக்காத் தொறந்து கீழ கொட்டிட்டாப் போதும்."

"நம்ம வீட்டுலயா? வருசா வருசம் வெள்ளையடிக்கிற வீடுத்தா அது." அப்புறம், "எனக்குச் சம்மதந்தேன். ஆனா நான் ஒருத்தன் சொல்லித் தொறக்க முடியாதுல்ல. பங்காளிக எல்லாரும் சரிங்கணும். குரூப்புல போடுறேன்" என்றார்.

விசயம் என்னவென்றால், தலைவாசல் சாவி அவரிடம், நடுவாசல் சாவி கோயம்புத்தூரில் இருந்த தம்பி முறைக்காரரிடம். ஒருவர் மட்டும் தனியாகப் போய் எதையும் எடுத்துவிடக் கூடாது என்று முன்னோர்களே செய்துவைத்த ஏற்பாடு. அவ்வளவு அன்பான குடும்பம். குரூப்பில் போட்டார். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாராம், இன்னொருவர் கும்பிடு போட்டாராம். மலேசியாக்காரர், இதைச் சாக்காக வைத்து வீட்டைத் திறந்து பாகம் பிரிக்கப் பார்க்கிறார்களா என்று கேட்டாராம். இன்னும் ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் அனுப்பினார். இதையெல்லாம் பெரியண்ணனே எனக்குப் போனில் சொன்னார், பெருமூச்சோடு. மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நான் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஒருவழியாகக் கார்த்திகைக் கடைசியில் எல்லோரும் சரி என்றார்கள். நான் துள்ளிக் குதித்தேன். "ஆனா பாருத்தா, மார்கழி பொறக்கப் போகுது. பூட்டுன வீட்ட மார்கழியில தொறக்கக் கூடாது. தை பொறக்கட்டும், நல்ல நாளாப் பாத்து வாரோம்" என்றார் பெரியண்ணன். கொசுப்புழுவைக் கொட்டுவதற்கு முகூர்த்தம் பார்த்த ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கொசுவுக்கு மட்டும் மார்கழி ஆகாது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மார்கழி பிறந்த வாரத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது.

"உன் கொசுதான் கடிச்சிருக்கு. வேலைக்குப் போறவ வீட்டுக்கு வரும்போது கூட்டிக்கிட்டு வந்துட்ட" என்று படுத்துக்கொண்டே சிரித்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, எலும்பெல்லாம் முறிகிறது என்றார். ரத்தம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா மெடிக்கலுக்குப் போய், "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுப்பா" என்று வாங்கி வந்தார். செட்டு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். எது என்ன என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, தின்கிறவருக்கும் தெரியாது. மறுநாள் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "ஊசி போட்டாச்சுல்ல?" அது என்ன ஊசி, எதற்கு ஊசி என்று ஒருவர் கேட்கவில்லை. உடம்பு வலிக்குப் போடுகிற ஊசி. டெங்குவுக்கு அது ஆகவே ஆகாது, உள்ளுக்குள் ரத்தக்கசிவை இழுத்துவிடும் என்று எங்களுக்கு வேலைப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்னேன். "ஒனக்குக் கொசுவப் பத்திச் சொல்லிக் குடுத்தாகளா, ஊசியப் பத்திச் சொல்லிக் குடுத்தாகளா?" என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் பப்பாளி இலைச் சாறு. அது வாந்தியாக வந்தது. அதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டி, மிளகு ரசம் வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தார்கள். மதினி ரெண்டு வாய் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. காய்ச்சல் விடுகிற நேரம்தான் இந்த நோயில் ஆபத்தான நேரம், வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிசம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று நான் கத்தினேன். "நல்லா ஆன புள்ளயப் போயி ஆஸ்பத்திரிங்கிறா. வாயக் கழுவுடி" என்றார் அம்மா. அண்ணன்தான் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்து போய் ஆட்டோ கொண்டுவந்தான்.

பெரியாஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "நேத்தே கொண்டாந்திருக்கலாமேம்மா" என்றார் அந்த டாக்டரம்மா. ஆட்டோவில் போகும்போதே மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கனிக்குப் பால் சுட்டுரும், ஆத்திக் குடு" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டார். ஊரில் டெங்குவே இல்லை, ஏதோ மர்மக் காய்ச்சல்தான் என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டார்கள். மர்மமாம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் விளிம்புவரை நிரப்பி வைத்த மர்மம்.

தை பிறந்தது. பங்காளிகள் நல்ல நாள் பார்த்து வந்தார்கள். கதவு உப்பியிருக்கும், ஆசாரி வரட்டும் என்று ஆள் அனுப்பினார்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான், கூடவே நானும் போனேன். ரெண்டு சாவியும் ஒன்று சேர்ந்து வீடு திறந்தது. அண்டாவில் டார்ச் அடித்தேன். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. தண்ணீர் குடிக்கலாம்போலத் தெளிவாக இருந்தது. பங்காளிகள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "அட, நெசந்தாம்ப்பா" என்றார்கள். பெரியண்ணன் அண்ணனின் தோளில் கைவைத்து, "கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமாப் போச்சு. மொதல்லயே நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்திருக்கலாம்ல நீங்க" என்றார். அண்ணன் தலையாட்டினான்.

ஆட்கள் அண்டாவைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். நான் மருந்து போட்டுத் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார்கள். எல்லாம் முடிந்ததே என்று இருந்தபோது, உள்ளேயிருந்து ஓர் ஆச்சி குரல் கொடுத்தார். "வெறும் அண்டாவ வச்சுட்டுப் பூட்டாதீகப்பா. நல்ல தண்ணியாக் கொண்டாந்து நெரப்பிருங்க." ஆட்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார்கள். தடுக்க ஒருவரும் இல்லை. என் படிப்பு, டார்ச், சாக்பீஸ் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பையைத் திறந்து ஓர் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். அண்டாவைக் கவிழ்த்தான். அடியில் உளியை வைத்து அடித்தான். பித்தளை அலறியது. "ஏய், ஏய்! ஆச்சி சீராக் கொண்டாந்த அண்டாப்பா அது!" என்று பெரியண்ணன் ஓடி வந்தார். அண்ணன் நிறுத்தவில்லை, விரல் போகிற அளவுக்குத் துளை விழும்வரை அடித்தான். பிறகு அண்டாவை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தான். "இப்ப நெரப்பிக்கங்க" என்றான். கதவை இழைக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். போலீசுக்குப் போவதா என்று குரூப்பில் போட்டிருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை, எல்லோரும் சரி என்றிருக்க வேண்டுமே.

அதற்கப்புறம் அந்தப் பங்காளிகள் ஒரே மனதாகச் சரி என்று சொன்னது ஒன்றே ஒன்றுக்குத்தான், வீட்டை விற்பதற்கு. தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு லாரியில் போயின. இப்போது அந்த இடம் வெறும் பொட்டல். பின்தெருவிலும் ஆள் இல்லை, ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். மழை நின்றதும் என் வேலையும் நின்றது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை தலைக்கு ஊற்றியதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவே இல்லை. அண்ணன் கோயம்புத்தூரில் அடுக்களை அலமாரி செய்கிற கம்பெனியில் இருக்கிறான்.

கனி என்னிடம் வளர்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், வாய் கொஞ்சம் நீளம். அம்மாவின் முகம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. அப்போது எங்களிடம் இருந்த பட்டன் போனில் அதையெல்லாம் பிடித்துவைக்கத் தோன்றவில்லை. "எங்கம்மா எப்படிப் பேசுவாக?" என்று கேட்பாள். நானும் பேசிக் காட்டுவேன். முதலில் எல்லாம் அப்படியே வந்தது. இப்போது எவ்வளவு முயன்றாலும் என் குரல்தான் வருகிறது. கனிக்கு அது தெரியாது. அவள் அம்மாவைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்கிறாள்.